கல்லுக்கு வந்த நல்ல நேரம்

பஞ்சலிங்கம் ஐயாவை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது. அவர் பேச எழுந்தால் முதலில் தொண்டையைச் செருமுவார், பிறகு சால்வையைச் சரி செய்வார், பிறகு "எங்கடை மண்" என்பார். அந்த மண்ணில் அவர் ஒரு கத்தரிக்கன்றுகூட நட்டதில்லை. வட்டுக்கோட்டையில் பிறந்து, கொழும்பில் இரும்புக்கடை வைத்துச் சம்பாதித்து, அறுபது தாண்டியதும் ஊருக்குத் திரும்பி, தலைவராக இருப்பதையே தொழிலாக்கிக்கொண்டவர். வடபகுதி வர்த்தக மேம்பாட்டு மன்றம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் அவர்தான் தலைவர். அங்கே மேம்பட்டது எதுவென்று நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

என் பெயர் கிறிஸ்ரினா. யாழ்ப்பாணத்துக் குருநகரில் நண்டு வாடி நடத்துகிறேன். எங்கள் கடலில் பிடிபடும் நீலக்கால் நண்டை அவித்து, உடைத்து, சதையெடுத்து, ஐஸில் அடைத்து அனுப்புவது வேலை. என்னிடம் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பெண்கள். பாதிப் பேர் புருஷனைக் கடலிலோ சண்டையிலோ பறிகொடுத்தவர்கள். மீதிப் பேருக்குப் புருஷன் இருக்கிறான், பிரயோசனம் இல்லை.

என் நண்டுச் சதையை ஒரேயொரு கொழும்புக் கம்பனிதான் வாங்கிக்கொண்டிருந்தது. வாங்கி, தன் பெயர் போட்ட டப்பாவில் அடைத்து, மஸ்கட்டுக்கும் கோலாலம்பூருக்கும் அனுப்பும். இந்த வருடம் அந்தக் கம்பனி ஓர் ஆளை அனுப்பிச் சொல்லிவிட்டது: வாடியை எங்களுக்கு எழுதித் தா, நீயே மனேஜராக இரு, மாதச் சம்பளம் தருகிறோம். இல்லையென்றால் ஆடியில் வரும் யாகப்பர் கோவில் திருநாளுக்குப் பிறகு உன்னிடம் ஒரு நண்டுக்கால்கூட வாங்கமாட்டோம். சொன்னவன் என் வாடிக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபடிதான் சொன்னான். நான் கட்டிய வாடியில் நானே சம்பளத்துக்கு நிற்பதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாங்க ஆளில்லாத நண்டு பின்னேரத்துக்குள் நாறிவிடும். கோபத்தை ஐஸில் போட்டு வைக்கலாம், நண்டை எத்தனை நாள் வைப்பது?

அந்த நேரத்தில்தான் மஸ்கட்காரர்கள் வருகிறார்கள் என்ற கதை அடிபட்டது. ஓமான்காரரின் காசு, மலேசியாக்காரரின் குளிரூட்டும் வேலை, துருக்கிக்காரரின் கப்பல். மூன்றையும் சேர்த்து ஒரு கம்பனி. கராச்சியில் ஒரு களஞ்சியம், சிட்டகாங்கில் ஒன்று, ஆபிரிக்கக் கரையில்கூட ஒன்று கட்டியிருக்கிறார்களாம். அரசாங்கங்கள் கட்டுகிறோம் கட்டுகிறோம் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த இடங்களில் இவர்கள் தங்கள் காசைப் போட்டு, றோட்டும் இறங்குதுறையும் போட்டு, முஸ்லிம் நாடுகளுக்குள்ளேயே மீனும் இறைச்சியும் பழமும் மாறி மாறிப் போக வழி செய்திருந்தார்கள். அந்த வழியில் காங்கேசன்துறையையும் சேர்க்கலாமா என்பதுதான் கதை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு குளிர்க் களஞ்சியம், அங்கிருந்து சின்னக் கப்பல். அது வந்தால் என் நண்டு கொழும்புக் கம்பனியின் காலைப் பிடிக்காமலே கடல் தாண்டும். வாடி என் கையில் இருக்கும். துருக்கிக்காரர் நண்டு தின்னமாட்டார், அவர்களுடைய வழக்கத்தில் அது ஆகாது என்றார்கள். விற்கமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

மன்றம் உடனே வரவேற்புக் குழு அமைத்தது. என்னையும் அதில் போட்டார்கள். ஒரு பெண், ஒரு வேதக்காரி, ஒரு கடலுணவு ஆள். மூன்று பேருக்குப் போடவேண்டிய கதிரையை ஒன்றோடு முடித்துவிட்டார்கள்.

முதல் கூட்டத்தில் நான் வாயைத் திறந்து ஒன்று கேட்டேன்.

"ஐயா, குழுவிலை ஜுனைதீன் நானாவையும் சேர்ப்பமே? இஞ்சையிருந்து குளிர்ச் சாமான் ஏத்துறது அவற்ரை லொறியள்தானே."

பஞ்சலிங்கம் ஐயா என்னைப் பார்த்துச் சிரித்தார். சின்னப்பிள்ளை நிலவைக் கேட்டால் சிரிக்கிற சிரிப்பு.

"வாறவையே முஸ்லிம் ஆக்கள்தானே பிள்ளை. பிறகேன் இன்னொரு முஸ்லிம்?"

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இதில் என்ன சிரிப்பு என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "உவையளை உள்ளை விட்டால் தொண்ணூறாம் ஆண்டுக் கதையைத் தொடங்குவினம். வாற மனிசருக்கு முன்னாலை எங்களுக்கு உது தேவையோ?"

தொண்ணூறாம் ஆண்டுக் கதை என்றால், துவக்கு வைத்திருந்த எங்கள் பிள்ளைகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்ன கதை. ஜுனைதீன் நானாவின் தகப்பனுக்கு அப்போது மூன்று லொறி. லொறிகள் நின்ற இடத்தில் நின்றன, ஆட்கள் போனார்கள். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருபது வருடம் கிடந்துவிட்டு, சண்டை முடிந்தபின் நானா யாழ்ப்பாணத்துச் சோனகதெருவுக்குத் திரும்பி வந்தார். கூரையில்லாத வீட்டில் ஓர் அறைக்கு மட்டும் தகரம் போட்டுக்கொண்டு, இரண்டு கூலர் லொறி ஓட்டத் தொடங்கினார். என் நண்டு முழுக்க அவற்றில்தான் கொழும்புக்குப் போகிறது. அந்தக் கதையை அவர் தானாகத் தொடங்கி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதைப் பற்றி எப்போதும் நினைத்துக்கொண்டிருந்தது பஞ்சலிங்கம் ஐயாதான் போலிருக்கிறது.

குழு என்ன வேலை செய்தது என்று கேட்பீர்கள். பஞ்சாங்கம் பார்த்தது. கரவெட்டியிலிருந்து சிவக்கொழுந்து அண்ணை என்று ஒருவர், கோவில் தர்மகர்த்தா, மன்றத்தின் செயலாளர். அடிக்கல் நாட்ட நாள் பார்க்கும் பொறுப்பு அவருக்கு. வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று இரண்டு கூட்டம் சண்டை பிடித்தார்கள். களஞ்சியத்துக்குக் கரண்ட் எங்கிருந்து எடுப்பது, தண்ணீர் எங்கிருந்து எடுப்பது என்பதற்கு ஒரு கூட்டமும் இல்லை. ஐயாவின் மருமகன் பிரவீணன், லண்டனில் கணக்காளராக இருந்து லீவில் வந்து நின்றவன், திரையில் காட்டுவதற்குப் படங்கள் சேர்த்துக்கொண்டிருந்தான்.

கடைசிக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. அன்றைக்கு நண்டு வரத்து கூடுதல். அங்கேதான் வெள்ளிக்கிழமை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். "வெள்ளி எங்களுக்கும் விசேஷம், அவையளுக்கும் விசேஷம்" என்று சிவக்கொழுந்து அண்ணை சொன்னாராம், எல்லோரும் கைதட்டினார்களாம். அவர்களுக்கு என்ன விசேஷம், எத்தனை மணிக்கு விசேஷம் என்று கேட்க அந்த மேசையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டால் சொல்லக்கூடியவரைத்தான் கதிரை இல்லை என்று வெளியே விட்டிருந்தார்களே.

அழைப்பிதழில் பத்து மணி என்று போட்டிருந்தது. பத்து மணி என்றால் பத்து மணியில்லை என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரருக்கு யார் சொல்வது? அவர்கள் பத்துக்கு முன்னமே காங்கேசன்துறையில் வந்து இறங்கிவிட்டார்கள். ஹமூத் என்ற ஓமான்காரர், வெள்ளை நீள அங்கியும் பூவேலை செய்த தொப்பியும் போட்ட அமைதியான மனிதர். ரொஸ்லான் என்ற மலேசியா எஞ்சினியர், எதைக் கண்டாலும் குனிந்து பார்க்கிற ஆள். பழைய சீமெந்துத் தொழிற்சாலை தெரிகிற ஒரு வெட்டையில் பந்தல் போட்டு, வாழை கட்டி, மேளம் வைத்திருந்தார்கள். நான்கு சின்னப் பிள்ளைகள் சந்தனத் தட்டோடு ஓடிப்போய் ஹமூத்தின் நெற்றியை எட்டிப் பிடிக்கப் பார்த்தார்கள். அவர் குனிந்து, சந்தனத்தைக் கையில் வாங்கி, மணந்து பார்த்து, "நல்ல வாசம்" என்றார். அந்த மரியாதைக்கு நாங்கள் தகுதியானவர்கள் இல்லை.

பந்தலின் நடுவில் பட்டுத் துணியால் மூடிய கல். பக்கத்தில் குழைத்த சீமெந்தோடு ஒரு மேசன். கல்லை வைப்பதற்கு எல்லாம் தயார். ஆனால் யாரும் வைக்கவில்லை. முதலில் தேவாரம். பிறகு நடனம். பிறகு இன்னொரு நடனம். பிறகு பஞ்சலிங்கம் ஐயா தொண்டையைச் செருமினார், சால்வையைச் சரி செய்தார், எங்கடை மண் என்றார். அரபு நாட்டோடு எங்களுக்கு ஆதி காலம் தொட்டு வாணிபம் என்றார். அந்த வாணிபம் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே என்று யாராவது எழுந்து கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பிறகு பிரவீணன் திரையில் காங்கேசன்துறையின் எதிர்காலம் என்று ஒரு படம் காட்டினான். ரொஸ்லான் என் காதுக்குள், "இது சிங்கப்பூர். அந்தக் கட்டிடத்தில் நான் வேலை செய்திருக்கிறேன்" என்றார். அவர்கள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் என் தமிழில் சொல்கிறேன்.

ஹமூத் மணிக்கூட்டைப் பார்த்தார். "கல் எப்போது?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியாது. எழுந்துபோய்ச் சிவக்கொழுந்து அண்ணையிடம் கேட்டேன்.

"இராகு காலமெல்லோ ஓடுது பிள்ளை" என்றார், நான் கேட்டதே பாவம் என்பதுபோல. "வெள்ளியிலை பத்தரையிலையிருந்து பன்னிரண்டு. அது கழிய அருமையான வேளை. எல்லாம் கணிச்சுத்தான் வைச்சிருக்கு."

"அப்ப ஏன் மனிசரைப் பத்துக்கு வரச் சொன்னனியள்?"

"பத்துக்குச் சொன்னால்தானே பன்னிரண்டுக்காவது வருவினம்."

நான் திரும்பி வந்து இருந்தேன். மேசன் காய்ந்துபோகிற சீமெந்துக்கு மூன்றாந்தரம் தண்ணீர் விட்டான். மேடையில் இன்னொரு பிள்ளை ஆடத் தொடங்கியது. வந்தவர்களின் நேரத்தை எங்கள் கிரகங்களுக்கு விறகாக எரித்துக்கொண்டிருந்தோம்.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஹமூத் எழுந்தார், ரொஸ்லானும் எழுந்தார். பஞ்சலிங்கம் ஐயா கல்லுக்குத்தான் வருகிறார்கள் என்று நினைத்துக் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"இன்று வெள்ளி. நாங்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போகவேண்டும்" என்றார் ஹமூத். "பக்கத்தில் பள்ளிவாசல் எங்கே இருக்கிறது?"

குழுவில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். துறைமுகத்தின் ஆழம் சொல்லக்கூடியவர்கள், சோழன் எந்த வழியால் வந்தான் என்று சொல்லக்கூடியவர்கள், பள்ளிவாசல் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. பிரவீணன் தன் போனைத் தட்டினான். பள்ளிவாசலைத் தேடுகிறான் என்று நினைத்தேன். அவன் தேடியது வேறு.

"சேர், பயணம் செய்கிறவர்களுக்கு ஜும்ஆ கட்டாயமில்லை என்று போட்டிருக்கிறது" என்றான் அந்தக் கெட்டிக்காரன், ஓமான்காரரைப் பார்த்து.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. ஹமூத் கோபப்படவில்லை.

"ஓம், எனக்கு விலக்கு உண்டு" என்றார். "ஆனாலும் எனக்குப் போக விருப்பம். உங்கள் கல்லுக்கு விலக்கு இல்லையா? இரண்டு மணிக்கு வந்துவிடுவோம். சேர்ந்தே வைப்போம்."

சிவக்கொழுந்து அண்ணையின் முகம் கறுத்தது. "இந்த வேளை போனால் ஆனி அத்திவாரத்துக்குக் கூடாது, ஆடி ஒண்டுக்கும் கூடாது, இனி ஆவணிதான்" என்று ஐயாவின் காதுக்குள் சொன்னார். ஐயா சால்வையைச் சரி செய்தார். பிறகு முகம் நிறையச் சிரித்தார்.

"போயிட்டு வாங்கோ, போயிட்டு வாங்கோ. நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

அந்தச் சிரிப்பை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வானை ஓட்டிவந்த கொழும்புப் பெடியனுக்கு வழி தெரியாது. நானே முன்சீற்றில் ஏறி, ஜுனைதீன் நானாவுக்குப் போன் எடுத்தேன். "கூட்டிக்கொண்டு வா தங்கச்சி, றோட்டிலை வந்து நிக்கிறன்" என்றார். அவ்வளவுதான். ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை, ஏன் இப்போது சொல்கிறாய் என்று ஒரு கேள்வி இல்லை.

அவர்கள் பள்ளிக்குள் போக, நான் நானாவின் வீட்டில் அவர் மனைவி ஜெசீமாவோடு இருந்தேன். முன்பக்கம் இன்னும் சுவர்தான், கூரையில்லை. சுவரில் பழைய ஓவியம் மாதிரி பாசி. முற்றத்தில் ஒரு கூலர் லொறி கரண்ட் வயரில் பூட்டி இரைந்துகொண்டிருந்தது. உள்ளே என் நண்டு.

"கல்லு வைச்சாச்சோ?" என்று கேட்டாள் ஜெசீமா.

"இராகு காலமாம். ரெண்டு மணிக்கு."

வெங்காயம் வெட்டுகிறவள் அப்படியே வெட்டிக்கொண்டிருந்தாள்.

தொழுகை முடிந்து வந்த ரொஸ்லான் சாப்பாட்டுக்கு முன்னால் லொறிக்குத்தான் போனார். ஏறினார், இறங்கினார், குனிந்து பார்த்தார், குளிர்மானியைத் தட்டினார். அவரும் நானாவும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமலே கொம்பிரசரைப் பற்றிக் கதைத்தார்கள். ஹமூத் பாயில் இருந்து ஜெசீமாவின் இறைச்சிக்கறியைச் சாப்பிட்டபடி இது யாருடைய சாமான் என்று கேட்டார். என்னுடையது என்றேன். கொழும்புக் கம்பனி வாடியைக் கேட்கிற கதையைச் சொன்னேன், திருநாள் வரைக்கும்தான் தவணை என்றும் சொன்னேன். "இன்று கையெழுத்து வைப்போம்" என்றார். நான் என் வாழ்நாளில் ஓர் அன்னியனை அவ்வளவு நம்பியதில்லை.

இரண்டு மணி ஆவதற்குள் காங்கேசன்துறைக்குத் திரும்பினோம். பந்தலில் வாழையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மேளகாரர் போய்விட்டார்கள். பட்டுத் துணி இல்லை. கல் நிலத்தில் இருந்தது. சுற்றிவர உடைத்த தேங்காய், பூ, பால். மேசன் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

வைத்துவிட்டார்கள். காசு போடுகிறவர் இல்லாமலே, கட்டப்போகிறவர் இல்லாமலே, நல்ல நேரம் பார்த்துக் கல்லை வைத்துவிட்டார்கள். பேஸ்புக்கில் படமும் போட்டாயிற்று. கல்லில் பஞ்சலிங்கம் ஐயாவின் பெயர் பெரிதாக, பட்டங்களோடு. ஹமூத்தின் பெயர் கீழே, எழுத்துப் பிழையோடு.

ஹமூத் குனிந்து கல்லில் இருந்த தன் பெயரைப் படித்தார். "யார் வைத்தது?"

"உங்கள் சார்பில் நாங்களே வைத்துவிட்டோம், சேர்" என்றார் ஐயா, நல்ல ஆங்கிலத்தில். "நேரம் தவறக்கூடாது பாருங்கள். இனி உங்கள் கையெழுத்து மட்டும்தான்."

"நான் எத்தனையோ நாட்டில் கல் வைத்திருக்கிறேன்" என்றார் ஹமூத். "ஓரிடத்தில் மந்திரி வரும்வரை வெயிலில் பின்னேரம் வரை நின்றோம். ஓரிடத்தில் மழை, ஓரிடத்தில் வேலைநிறுத்தம். என் கல்லை நான் இல்லாமல் வைத்தது இங்கேதான். கல் வைக்கவே எனக்காகக் காத்திருக்காத நீங்கள், நாளைக்குக் கப்பல் பிந்தினால் என்ன செய்வீர்கள்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. பேனாவை எடுக்கவும் இல்லை. வானில் ஏறுமுன் என்னிடம் வந்து, "உங்கள் தொலைபேசி எண் ரொஸ்லானிடம் இருக்கிறது" என்றார். வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை என்றுதான் நான் நினைத்தேன். வான் போனது. என் வாடியும் அதற்குப் பின்னால் போவதுபோல் இருந்தது.

பஞ்சலிங்கம் ஐயா என் பக்கம் திரும்பினார். வெட்கப்படுவார் என்று நினைத்தேன், வெட்கம் தெரிந்த மனிதரோடு பழகிய பழக்கம் எனக்கு.

"எல்லாம் உன்ரை ஆளாலைதான்" என்றார். "நல்லாயிருந்த மனிசரைச் சோனகதெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய் என்னவோ ஓதிவிட்டிட்டான். உதுக்குத்தான் நான் அவனைச் சேர்க்க வேண்டாம் எண்டனான்."

"ஐயா, அவர் சோறு குடுத்தவர்" என்றேன். "நீங்கள் விருந்தாளியளைப் பசியோடை ரெண்டு மணித்தியாலம் டான்ஸ் பாக்க வைச்சியள். அவரைக் குழுவிலை ஒரு கதிரையிலை இருத்தியிருந்தால், வெள்ளி மத்தியானம் வேண்டாம் எண்டு ஒரு வசனத்திலை சொல்லியிருப்பார். உங்கடை பஞ்சாங்கத்திலை அது இல்லை. உங்களுக்கு ராகுவைத் தெரியும், பக்கத்துத் தெருவிலை இருக்கிற மனிசனைத் தெரியாது. நீங்கள் ஒரு தலைவர். தூ!"

துப்பியது உண்மையான துப்பல். மேசன் சிரித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான். நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்.

அந்தக் கம்பனி களஞ்சியத்தை வேறொரு நாட்டுத் துறைமுகத்தில் கட்டத் தொடங்கியது. கல் இன்னும் காங்கேசன்துறையில் இருக்கிறது. ஆடுகள் அதில் முதுகு தேய்க்கின்றன. வடமராட்சி மீனும் வலிகாம வெங்காயமும் போயிருக்கவேண்டிய வழி, அந்தக் கல்லுக்குக் கீழே கிடக்கிறது.

மூன்றாவது கிழமை ரொஸ்லான் போன் எடுத்தார். நான் கொழும்புக் கம்பனிக்கு எப்படி ஓம் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்த நேரம். பெரிய களஞ்சியம் வராது என்றார். ஆனால் பாவித்த குளிர்க் கொள்கலன் ஒன்று கொழும்பில் நிற்கிறது, வாடகைக்குத் தரலாம், ஜுனைதீனின் முற்றத்தில் வைத்துக் கரண்டில் பூட்டினால் போதும் என்றார். நிரம்பியதும் அவர் லொறி கொழும்புத் துறைமுகத்துக்கு இழுத்துப் போகும், அங்கிருந்து மஸ்கட்டுக்கும் மலேசியாவின் கிள்ளானுக்கும் அவர்கள் கப்பல். அரபியில் ஒட்டும் லேபிளில் என் வாடியின் பெயர்தான் இருக்கும். நான் போனை வைத்துவிட்டு, நண்டு உடைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் நின்று அழுதேன். அவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துபோனார்கள்.

கொள்கலன் வந்து சேர்ந்தபோது யாகப்பர் கோவிலில் திருநாளுக்குக் கொடியேறிவிட்டது. கரண்ட் வேலை முடிந்த நாள் வெள்ளிக்கிழமை. ஆடி மாதம். பத்தே முக்காலுக்குச் சுவிச் போடுவோம் என்று நானாவும் நானும் தீர்மானித்தோம். பன்னிரண்டுக்கு அவர் பள்ளிக்குப் போகவேண்டும், எனக்கு வாடியில் அன்றைய நண்டு காத்திருக்கும். வேறு காரணம் ஒன்றும் இல்லை. சரி, எனக்குக் கொஞ்சம் இருந்தது.

பஞ்சலிங்கம் ஐயாவுக்குக் கதை போய்விட்டது. மன்றம் கூட்டிவந்த முதலீடு, ஆகவே நாடாவைத் தலைவர்தான் வெட்டவேண்டும் என்று பிரவீணன் மூலம் சொல்லியனுப்பினார். நாடா இல்லை, ஆனால் வரச் சொல் என்றேன்.

வந்தார். பட்டு வேட்டி, சால்வை. காரை விட்டு இறங்கிக் கேற்றடிக்கு வந்தவர் கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார், வைத்த காலை வெளியே எடுத்துவிட்டார்.

"கிறிஸ்ரினா, உதென்ன? ஆடி மாசம், அதுவும் இராகு காலம். கொஞ்சம் பொறுங்கோ பிள்ளை, பன்னிரண்டு கழியட்டும். நல்ல நேரத்திலை தொடங்கினால்தானே நிலைக்கும்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஜுனைதீன் நானா பேசினார். பழந்துணியில் கிறீஸ் கையைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"ஐயா, இந்த முத்தத்திலை நிண்ட எங்களைப் போகச் சொல்லேக்குள்ளை ஒருத்தரும் நேரம் பாக்கேல்லை. ரெண்டு மணித்தியாலம் எண்டு மட்டும் சொன்னவை. நாங்கள் திரும்பி வந்து வேலை துவங்கிறதுக்கு ஏன் நேரம் பாக்கவேணும்?"

பதினைந்து வருடமாக அவரோடு வேலை செய்கிறேன். அந்தக் கதை அவர் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான், இவ்வளவுதான். பஞ்சலிங்கம் ஐயா தொண்டையைச் செருமினார். பிறகு மணிக்கூட்டை இன்னொருதரம் பார்த்தார்.

ஜெசீமா பிஸ்மில்லாஹ் சொன்னாள். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். இரண்டு பேரும் சேர்ந்து சுவிச்சை அமத்தினோம். கொள்கலன் ஒருதரம் உதறிவிட்டு இரையத் தொடங்கியது. என் பெண்கள் நண்டுப் பெட்டிகளைக் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே ஏற்றினார்கள். கேற்றுக்கு வெளியே, பட்டு வேட்டியோடு வெயிலில், தலைவர் ராகு போகும்வரை காத்துக்கொண்டு நின்றார். பிரவீணன் குடை பிடித்தான்.

பன்னிரண்டு கழிந்ததும் அவர் சால்வையைச் சரி செய்துகொண்டு வலது காலை எடுத்து வைக்க வந்தார். நானா அப்போதுதான் கேற்றைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"ஜும்ஆவுக்கு நேரமாச்சுது ஐயா" என்று சொல்லிப் பூட்டைப் போட்டார்.